குரலால் அறிந்த விலங்கும் நான் செய்த விசாரணையும்

என் மகளை மணம் முடிக்க விரும்பியவர் மலேசியத் தமிழர் என்பதை நான் பெரிய தடையாகக் கருதவில்லை. அவருடைய தொழில்தான் என்னை உறுத்தியது. கிழக்கு ஆபிரிக்காவின் கரையோரக் காடுகளில் திரியும் ஒரு சிறிய இராவிலங்கை அவர் ஆராய்ந்துகொண்டிருந்தார். ஆங்கிலத்தில் புஷ்பேபி என்று அழைக்கப்படும் கூட்டத்தைச் சேர்ந்தது அது. நம் நாட்டுத் தேவாங்குக்குத் தூரத்து உறவு, உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். அதைத் தனி இனமென்று அறிவியலாளர்கள் கண்டுகொண்டு அதிக காலம் ஆகவில்லை என்றும், அந்தப் பணியில் அவருக்கும் பங்கு உண்டு என்றும் மகள் சொன்னாள்.

புதிய நூற்றாண்டு பிறந்து சில ஆண்டுகளே கழிந்திருந்த காலம் அது. நாங்கள் இலண்டனில், கோலியர்ஸ் வுட்டில் குடியிருந்தோம். யாழ்ப்பாணத்துக் கல்லூரி ஒன்றில் விலங்கியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். என்னிடம் படித்தவர்கள் பலர் இந்த நகரத்திலேயே வைத்தியர்களாக இருக்கிறார்கள். ரூட்டிங் கடைத்தெருவில் நடந்தால் யாராவது ஒருவர் “சேர்” என்று கூப்பிட்டுச் சாலையைக் கடந்து வருவார். அந்த மரியாதையை நான் கவனமாகப் பேணி வந்தேன். ஆகவே விலங்கின் பெயரைச் சொல்லி ஒருவர் என் வீட்டுக்குள் நுழைய விரும்பினால், அந்த விலங்கைப் பற்றி முதலில் விசாரிப்பது என் உரிமை என்றே நினைத்தேன்.

“தோல் எங்க? மண்டையோடு எங்க? பல்லை ஆர் அளந்தது?” என்று இரவுச் சாப்பாட்டின்போது மகளிடம் கேட்டேன்.

“அதெல்லாம் மியூசியத்தில எப்பவோ இருந்ததாம் அப்பா. வேற இனத்தின்ர பேரை எழுதி அலுமாரி லாச்சிக்குள்ள வைச்சிருந்தவையாம். பாக்க ரெண்டும் ஒரே மாதிரி. கத்திற விதம்தான் வேற. ஒண்டின்ர கத்தலுக்கு மற்றது திரும்பியும் பாக்காது.”

“கத்தலை வைச்சு இனம் பிரிக்கிறதோ?”

என் மனைவி சோற்றுக் கரண்டியோடு நின்றபடி சொன்னாள்: “அப்பிடிப் பாத்தால் கதைக்கிற விதத்தில வடமராட்சியாரும் தீவாரும் ரெண்டு இனம். நானும் நீங்களும் கலியாணமே கட்டியிருக்கக் கூடாது.”

தாயும் மகளும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. நான் கற்பித்த காலத்தில் ஒரு விலங்கின் அடையாளம் கண்ணாடிச் சாடிக்குள் இருந்தது. அதை எடுத்து மேசையில் வைத்து மாணவர்களுக்குக் காட்ட முடிந்தது. காற்றில் எழுந்து அடங்கிவிடும் ஒரு சத்தத்தை எந்தச் சாடிக்குள் வைப்பது? இது விலங்கியலா, வித்தையா என்ற ஐயம் எனக்கு ஏற்பட்டது. விலங்கின்மீது எழுந்த ஐயம் அதைக் கண்டவர்மீது படர்வதற்கு அதிக நேரம் எடுக்கவில்லை.

எங்களவர்களிடையே ஒரு சம்பந்தம் வந்தால் விசாரிக்காமல் வாய் திறக்க மாட்டோம். பெடியன் எந்த ஊர், எந்தப் பள்ளிக்கூடம், தகப்பன் எங்கே வேலை செய்தவர், குடிப்பாரா, முன்பு ஏதும் கலியாணப் பேச்சுக்கால் நடந்து முறிந்ததா என்பதையெல்லாம் அறிந்த பின்னரே ஓம் அல்லது இல்லை. இலண்டனிலும் அது மாறவில்லை. ஈஸ்ட் ஹாமுக்கு ஒரு அழைப்பு, ரொறன்ரோவுக்கு ஒரு அழைப்பு. மாலைக்குள் மூன்று தலைமுறையின் கதை வந்து சேர்ந்துவிடும். இவர் விஷயத்தில் அந்த வழி அடைபட்டிருந்தது. ஈப்போவில் பிறந்தவர். பள்ளிப்படிப்பின் பாதியில் இங்கே அனுப்பப்பட்டவர். அவருடைய குடும்பத்தை அறிந்த ஒருவரையும் என்னால் பிடிக்க முடியவில்லை. விசாரிக்க ஆளில்லாத மனிதர் என்பதே ஐயத்துக்கு இடம் தருவதாகத் தோன்றியது.

சவுத்தாலில் இருந்த மைத்துனரிடம், அதாவது மனைவியின் தம்பியிடம், இதைச் சொன்னேன். அவர் விமான நிலையத்தில் சரக்குப் பகுதியில் வேலை செய்தவர்; உலகத்தில் நடப்பதெல்லாம் பொதிகளுக்குள் நடப்பதாக நினைப்பவர்.

“அத்தான், ஆபிரிக்காவுக்கு அடிக்கடி போய் வாறார் எண்டால் யோசிக்கத்தான் வேணும். உந்தச் சின்ன மிருகங்களைச் சொக்ஸுக்குள்ள வைச்சுக் கொண்டு வாறவங்கள் இருக்கிறாங்கள்.”

“மடைக்கதை கதையாதையும்.”

“நான் இவரைச் சொல்லேல்ல, இருக்கிறாங்கள் எண்டுதான் சொன்னனான்.”

மடைக்கதை என்று தள்ளிவிட்டாலும் அது மனதில் கிடந்தது. அந்த வாரமே நான் ஒருவருக்கும் சொல்லாமல் மிருகக்காட்சிச்சாலைக்குப் போனேன். இராவிலங்குகளுக்கென்று ஒரு மண்டபம் அங்கே உண்டு. பகலில் விளக்குகளை மங்கவைத்து, விலங்குகளுக்கு அதை இரவென்று நம்பவைத்திருப்பார்கள். நான் தேடிய இனம் அங்கே இருக்கவில்லை. அதன் உறவொன்று இருந்தது. வெகுநேரம் கண்ணாடிக்குள் இருட்டு மட்டுமே தெரிந்தது. பிறகு ஒரு கிளையின் நுனியில் இரண்டு பெரிய கண்கள். உடலுக்குப் பொருந்தாத காதுகளில் ஒன்று மடிந்து விரிந்தது. அடுத்த கணம் அது அந்த இடத்தில் இல்லை. பாய்ந்ததை நான் பார்க்கவும் இல்லை. விலங்கியல் படித்தவனுக்கும் இதற்கு மேல் எதுவும் பிடிபடாத ஓர் உயிரை வைத்து ஒருவர் எதையும் சொல்லிவிட்டுப் போகலாமே என்ற எண்ணத்தோடுதான் வெளியே வெயிலுக்கு வந்தேன்.

இதற்கிடையில் கதை பரவிவிட்டது. மிச்சம் என்ற பக்கத்து ஊரில் நாங்கள் மரக்கறி வாங்கும் கடையில், கடைக்காரர் முருங்கைக்காயை நிறுத்தபடி கேட்டார்: “என்ன சேர், மகளுக்குச் சம்பந்தம் சரிவந்திட்டுதாம். மாப்பிள்ளை குரங்கு பிடிக்கிறவராம்?”

பின்னால் நின்ற பெண்மணி வாயை மூடிக்கொண்டார். “பல்கலைக்கழக ஆய்வாளர்” என்று மட்டும் சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டேன். அந்தச் சொல்லை அவர்கள் நம்பவில்லை என்பது தெரிந்தது. நானே முழுவதும் நம்பாத சொல் அல்லவா.

அன்று முடிவு செய்தேன். மைத்துனர் இணையத்தில் தேடி அந்த ஆய்வுகூடத்தின் தொலைபேசி எண்ணை எடுத்துத் தந்தார். வீட்டில் ஆள் இல்லாத ஒரு பிற்பகலில் அழைத்தேன். நல்ல இலண்டன் ஆங்கிலம் பேசிய ஓர் ஆண் குரல் எடுத்தது. நான் ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியர் என்றும் அந்தப் புதிய இனம் குறித்துச் சில ஐயங்கள் உண்டு என்றும் ஆங்கிலத்தில் சொன்னேன். அதில் பொய் ஏதும் இல்லை. அந்தக் குரல் மிகப் பொறுமையாக விளக்கியது. கத்தல் மட்டும் சான்றாகாது. முதலில் ஐயத்தை எழுப்பியது கத்தல். பிறகு உடலுறுப்புகளையும் மரபணுவையும் பார்த்தார்கள் என்றது. பதில் ஒழுங்காக இருந்தது. ஆகவே மெல்ல அடுத்த படிக்குப் போனேன். அங்கே பணிபுரியும் மலேசியர் ஒருவரைப் பற்றி அறிய விரும்புகிறேன் என்றேன்.

அந்தக் குரல் எதற்காக என்று கேட்டது. குடும்ப விஷயம் என்றேன்.

அதன் பிறகு நான் கேட்டதற்கெல்லாம் பதில் கிடைத்தது. அவருடையது நிரந்தர வேலை அல்ல, ஒப்பந்த வேலை. இனத்தைக் கண்டறிந்தவர் என்று அவரைச் சொல்ல முடியாது. குழுவில் ஒருவர், கத்தல்களைப் பதிவுசெய்தவர். குடிப்பழக்கம் இல்லை. அறிக்கைகளைப் பிந்திக் கொடுக்கிறார் என்ற குறை உண்டு. முன்பு ஒரு பெண்ணோடு பேச்சுக்கால் நடந்து நின்றுபோனது. கடைசியில் நான் கேளாமலே ஒன்றைச் சொன்னது: காட்டருகே உள்ள ஆய்வு நிலையத்தில் சில ஆண்டுகள் தங்கிப் பணியாற்றும்படி அவருக்கு அழைப்பு வந்திருக்கிறது, மணம் முடித்தால் அதை விட்டுவிடுவார் போலிருக்கிறது, மணக்க இருக்கும் பெண்ணுக்கு இன்னும் சொல்லவில்லை.

நன்றி சொல்லித் தொலைபேசியை வைத்தேன். என் ஐயம் வீண்போகவில்லை என்ற நிறைவு எனக்கு இருந்ததை மறைக்க மாட்டேன். கூடவே, தன்னோடு பணிபுரிபவரைப் பற்றி முன்பின் அறியாத ஒருவனிடம் இவ்வளவும் சொல்லும் மனிதர் எப்படிப்பட்டவர் என்ற ஐயமும் எழுந்தது. அதை அப்போது நான் போதிய அளவு பின்தொடரவில்லை.

அடுத்து வந்த ஞாயிறு அந்த மலேசியர் எங்கள் வீட்டுக்கு வந்தார். ஒல்லியான மனிதர். சப்பாத்தைக் கழற்றிச் சுவரோரம் ஒழுங்காக வைத்தார். “வாருங்கோ” என்றேன். “வணக்கம் அங்கிள்” என்றார். அங்கிள் என்ற சொல் எனக்கு உவப்பானதல்ல. மனைவி ரோல்ஸும் வடையும் பரிமாறினாள். மைத்துனரும் வந்திருந்தார். மகள் அவருக்குப் பக்கத்தில் உட்காராமல், அதேசமயம் தூரத்திலும் உட்காராமல், ஓர் இடத்தைத் தேர்ந்துகொண்டாள். மருத்துவமனையில் மருந்தாளராக வேலை பார்ப்பவள். எதையும் அளந்து செய்வாள். முப்பதைத் தாண்டியும் எங்களுடைய சம்பந்தங்களை ஒவ்வொன்றாக மறுத்தவள், முதன்முறையாக ஒருவரைத் தானே அழைத்து வந்திருக்கிறாள் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. இன்று நான் இல்லை என்றால் இனி அவள் கேட்கவே மாட்டாள் என்று மனைவி காலையில் சொல்லியிருந்தாள்.

அவர் சட்டைப்பையிலிருந்து சிறிய ஒலிப்பதிவுக் கருவி ஒன்றை எடுத்தார். முதலில் ஒரு கத்தல்: மெல்லத் தொடங்கி, படிப்படியாக ஏறி, நின்றது. பிறகு மற்றொன்று: ஒரே சுருதியில் உருண்டு உருண்டு போனது.

“ரெண்டும் ஒண்டில்ல. முதல் வந்தது ஆரையோ கூப்பிடுது. மற்றது புறுபுறுக்குது” என்றாள் மனைவி.

“அக்காவுக்கு உத்தியோகம் குடுங்கோ” என்றார் மைத்துனர்.

எனக்கும் வேறுபாடு கேட்டது. ஆனால் எல்லோரும் சிரித்து இளகிப்போன அந்தச் சூழல் எனக்குப் பிடிக்கவில்லை. தேநீர்க் கோப்பையை வைத்துவிட்டுச் சொன்னேன்: “தம்பி, உம்மட ஆய்வுகூடத்தில உம்மோட வேலை செய்யிற ஒருத்தரிட்ட நான் விசாரிச்சனான். வேலை நிரந்தரமில்லை எண்டும், இனத்தைக் கண்டுபிடிச்சது நீர் இல்லை எண்டும் அறிஞ்சன். அது பரவாயில்லை. ஆபிரிக்காவில வருசக்கணக்காய் இருக்கச் சொல்லி உமக்கு ஒரு வேலை வந்திருக்குது. அதை ஏன் என்ர மகளுக்கு மறைச்சனீர்?”

மகள் என்னைப் பார்க்கவில்லை. அவரைத்தான் பார்த்தாள். “என்ன வேலை?”

அவர் கருவியை மேசையில் வைத்தார். “அங்கிள்கிட்ட அதச் சொன்னது நான்தாங்க.”

“என்னது?”

“போன எடுத்தது நான்தான். மொதல் வார்த்தையிலயே நீங்கதான்னு தெரிஞ்சுது. உங்க வீட்டு ஆன்சரிங் மெஷின்ல உங்க குரல் இருக்கே அங்கிள். ஒருநாள் கூப்பிட்டுக் கேட்டிருக்கேன். எனக்குக் குரல் மறக்காது.”

மைத்துனர் வெடித்துச் சிரித்தார். “அத்தான்! மாப்பிள்ளையிட்டயே மாப்பிள்ளையைப் பற்றி விசாரிச்சனீங்களோ? அவரும் தனக்குத் தானே சேர்ட்டிபிக்கேற் குடுத்திருக்கிறார்! அதுவும் பிந்தி அறிக்கை குடுக்கிறனான் எண்டு!” மனைவி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சமையலறைப் பக்கம் போனாள். அவளுடைய தோள்கள் குலுங்கின. இந்தக் கதை சவுத்தாலுக்குப் போய்ச் சேர ஒரு மணித்தியாலமும், அங்கிருந்து மிச்சத்துக்கு வர மறுநாள் காலையும் போதும் என்று எனக்குத் தெரிந்தது.

சிரிக்காதவள் மகள் ஒருத்திதான்.

“எனக்கு மட்டும்தான் தெரியாது என்ன?” என்றாள் அவரிடம். “முகம் தெரியாத ஆள் மாதிரி ஒருத்தர் போன் பண்ணினா அவருக்குச் சொல்லலாம். எனக்குச் சொல்ல ஏலாது.” பிறகு என்னிடம், “நீங்களும்தான் அப்பா. எனக்குத் தெரிய வேண்டியதை எல்லாருக்கும் முன்னால வைச்சுத்தான் சொல்லோணுமோ?” என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போய்விட்டாள். கதவு பலமாகச் சாத்தப்பட்டது.

மைத்துனரின் சிரிப்பு அடங்கியது. அவர் சமையலறைக்குள் தப்பிப் போனார். முன்னறையில் நானும் அந்த மனிதரும் மட்டும் இருந்தோம். சம்பந்தம் முறிந்துவிட்டது என்றே இருவரும் எண்ணியிருக்க வேண்டும். நான் அவரை உற்றுப் பார்த்தேன். முன்பு பின்தொடராமல் விட்ட ஐயம் இப்போது தெளிவாக எழுந்து நின்றது.

“தம்பி, நேராய்க் கேக்கிறன். போனில உந்த வேலையைப் பற்றிச் சொல்லேக்க, நான் போய் என்ர மகளுக்குச் சொல்லுவன் எண்டு தெரிஞ்சுதானே சொன்னனீர்?”

அவர் கீழே பார்த்தார். “தெரியும் அங்கிள்.”

“அப்ப என்னைத் தூது விட்டிருக்கிறீர்.”

“இல்லைன்னா பொய்யாயிடும். அவங்ககிட்ட சொல்ல எத்தனையோ தடவ வாயெடுத்தேன், வரல. நீங்க கேட்டப்ப வந்துடுச்சு. நீங்க வீட்ல தனியா சொல்லுவீங்கன்னு நெனச்சேன். இப்படி வடை சாப்பிடுறப்ப சொல்வீங்கன்னு நெனக்கல.”

என்னை ஒருவர் கருவியாகப் பயன்படுத்தியிருக்கிறார். கல்லூரியில் அதிபர்களும் பரிசோதகர்களும்கூடத் துணியாத காரியம். கோபம் வந்தது, ஆனால் அந்தக் கோபத்தில் உறுதி இல்லை. என் பிடிக்குள் அகப்பட்டபின் அவர் நழுவப் பார்க்கவில்லை.

மகள் இறங்கி வந்தாள். முகம் கழுவியிருந்தாள். நாற்காலியில் உட்காரவில்லை.

“ஒண்டே ஒண்டு கேக்கிறன். அந்த வேலைக்குப் போக விருப்பமோ?”

“விருப்பம்தான்.”

“அப்ப ஏன் விடப்போறன் எண்டு அப்பாவுக்குச் சொன்னனீங்கள்?”

“நீங்க இங்க…”

“என்னைக் கேக்காமல் எனக்காக ஒண்டையும் விடாதேங்கோ. நான் வந்து பாக்கிறன். காடு, ஸ்டேஷன், நீங்கள் அங்க எப்பிடி இருக்கிறீங்கள் எல்லாம் பாத்திட்டுத்தான் பதில்.”

நான் குறுக்கிட்டேன். கலியாணம் ஆகாத பிள்ளை ஒருவரோடு காட்டுக்குப் போவதா, ஊர் என்ன சொல்லும் என்றேன்.

“குழுவில ரெண்டு பொம்பிளையள் இருக்கினம், அவையோட நிப்பன். விசாரிக்காமல் ஓம் எண்டு சொல்லக்கூடாது எண்டு நீங்கள்தானே அப்பா சொல்லுறனீங்கள். நானும் விசாரிக்கத்தான் போறன்.”

அவள் விடுமுறை எடுத்துக்கொண்டு அந்தக் குழுவோடு ஆபிரிக்காவுக்குப் போனாள். உறவினர்களிடம் கடற்கரைச் சுற்றுலா என்று சொன்னோம். அந்த நாள்களில் மனைவி என்னோடு அதிகம் பேசவில்லை. மிச்சத்துக் கடைக்கு நான் போகவும் இல்லை.

அவள் திரும்பிய அன்று ஹீத்ரோவுக்கு நானே காரை எடுத்துக்கொண்டு போனேன். வெயிலில் கறுத்து, கைகளில் பூச்சிக்கடித் தழும்புகளோடு வந்தாள். பெருஞ்சாலையில் ஏறியதும் அவள் வானொலியை அணைத்தாள். தானாகவே தொடங்கினாள்.

“அப்பா, ஒரு பள்ளத்தாக்கில பதிஞ்ச கத்தல் எல்லாம் புது இனம் எண்டு அவர் எழுதி வைச்சிருந்தவர். நான் நிக்கேக்க திரும்பக் கேட்டுப் பாத்தவர். அது புதுசில்லை, முந்தியே தெரிஞ்ச மற்ற இனம். ஆரம்பத்திலயே பிழையாய்க் கேட்டிட்டார். புது இனம் இருக்கிறது உண்மைதான், ஆனால் அந்தப் பள்ளத்தாக்கில இல்லை. அவற்ற ரெண்டு வருச வேலையில பெரிய பங்கு போச்சு.”

“குழுத் தலைவருக்குத் தெரியுமோ?”

“இன்னும் இல்லை. கண்டுபிடிச்ச உடனை முதல் எனக்குத்தான் சொன்னவர். ஹெட்போனைக் கழட்டி என்ர காதில வைச்சு, நான் பிழை விட்டிட்டன், கேளுங்க எண்டார். நான் கேக்கேல்ல அப்பா. அவராய்ச் சொன்னவர்.”

நான் வண்டியை ஓட்டினேன். என் மனதில் முதலில் வந்தது அவருடைய பெயரைப் பற்றிய எண்ணம்தான். ஒரு மனிதர் தன் பெயரைத் தானே குறைத்துக்கொள்ளப் போகிறார். அந்தப் பெயர்தான் நாளைக்கு என் வீட்டு அழைப்பிதழில் அச்சாகப் போகிறது. வெளியில் சொல்லாவிட்டால் எவருக்கும் தெரிய வராது. அந்தக் காட்டில் எந்த விலங்கு எதைக் கத்தியது என்று சோதிக்க இன்னொருவர் போக எத்தனை காலமாகும்! அவருக்கும் இந்த எண்ணம் தோன்றாமல் இருந்திருக்காது. மகளிடம் சொல்வது ஒன்று, பதவியைக் கையில் வைத்திருப்பவரிடம் சொல்வது வேறொன்று.

“நான் ஓம் எண்டு சொல்லப் போறன்” என்றாள் மகள். “நீங்கள் என்ன சொல்லுறியள்?”

“தலைவருக்கு எப்ப சொல்லுவாராம்?”

“திங்கட்கிழமை.”

“அவர் சொன்ன பிறகு எனக்குச் சொல்லு, பிள்ளை. பிறகு நாள் பாப்பம்.”

அவள் இருக்கையில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள்.

“ஓம் அப்பா. நானும் அதைத்தான் அவருக்குச் சொல்லிப்போட்டு வந்தனான்.”